இருக்கக் கூடாத புரதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஆய்வகத்தில் சின்னச் சிக்கல். எனக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரையில் சொன்ன புரதம், அதை உண்டாக்கும் மரபணுவையே நீக்கிய எலிகளிலும் நேற்றுத் தெரிந்தது. அப்படியானால் அன்று நான் பார்த்தது வேறு எதுவோ.

"எலியை மாத்தி எடுத்துட்டேனோ, மேடம்?" என்றாள் உதவியாளப் பெண்.

"அப்படி மட்டும் இருந்தா உனக்கு விருந்தே வைக்கிறேன்."

சிரித்தோம். சரிபார்த்தோம். எலி மாறவில்லை.

நாளை மறுபடி செய்கிறோம். எத்தனை பேர் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வீர்களே, இப்போதைக்கு வேண்டாம். அத்தனை பேரும் என்னை நம்பியவர்கள். ஒருவர் அந்தக் கட்டுரையை வைத்து நோயாளிகளுக்கு மருந்தே கொடுத்துப் பார்க்கிறார்.

நாளை மாலை கூப்பிடுங்கள். முடிவைக் கேட்காதீர்கள், நானாகச் சொல்லும்வரை வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகள்