குட்டி ஆர்க்கிட்டுக்கு மார்கழியில் தண்ணீர் வேண்டாம்

அன்புக் கணவர் சேரன் மாமாவுக்கு, டப்ளினிலிருந்து கலைமதி வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அத்தையும் நலம்தானே? அத்தை முட்டிக்குத் தைலம் தேய்க்கிறார்களா? நான் நலம். போன வாரம் வேலைக்குப் போகையில் ஆஸ்பத்திரி வாசல் பனியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் வீக்கம், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு வலியே வந்தது. தேங்காய் மட்டையில் கட்டிவிட்டு வந்த என் குட்டி ஆர்க்கிட்டுக்கு வேரெல்லாம் ஏன் கறுத்திருக்கிறது? கார்த்திகை முடிந்தால் மாசி வரை தண்ணீரே கூடாது, காய்ந்து ஓய்வெடுத்தால்தான் பூக்கும் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேனே! அத்தையிடம் கேட்டால், தினமும் அரிசி கழுவிய தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றுகிறீர்களாம். "மல்லாட்டைக்கே மோட்டாரு போட்டு வுடறேன், வாயில்லாத செடிய எப்டிம்மா காய வுடறது?" என்றீர்களாம். வேர்க்கடலையும் ஆர்க்கிட்டும் ஒன்றா? பாசத்தாலேயே அழுகவைத்துவிட்டீர்கள்.

எனக்கு மட்டும் வாரக்கணக்கில் ஒரு ஃபோன் இல்லை. அதற்கும் அத்தையிடம் ஒரு காரணம் சொல்லியிருக்கிறீர்கள்: "டூட்டி முடிஞ்சி வந்து தூங்கிக்கினு இருப்பா, பேஜாரு பண்ணக் கூடாது."

திண்டிவனம் போனால் கொஞ்சம் கேப்பை மாவு அரைத்து அனுப்புங்கள். இங்கே கஞ்சி குடிக்கவே வழியில்லை. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். அந்தச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுங்கள், மாமா.

கலைமதி