யமுனா அழித்த வீடியோக்கள்

என் கஸ்தூரிக்கண்ணு,

நீ கண்ணை மூடி இரண்டு வருஷமாகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் இதுவரை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். இந்த வாரம் மனசு போதவில்லை. அதனால் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

உன் மகள் யமுனா விஷயம்தான். இதற்கெல்லாம் ஆரம்பம் உன் ரோஸி. குவைத்தில் உன்னோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரி. வேலை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே போனில் அவள் ஊர் நடிகைகளைப் பார்ப்பீர்களாமே. "அக்கா, அந்த ஊரும் நம்ம ஊரு மாதிரி தண்ணிக்கு நடுவுலதான் கீது. மீன் விக்கிறவ பொண்ணுகூட போனை வெச்சே நடிகை ஆயிடுது" என்று ஊருக்கு வந்தபோது சொல்லிச் சிரித்தாய். நான் நம்பவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த யமுனா நம்பினாள்.

நீ போன பிறகு அந்த நடிகைகளை அவள் பாடம் மாதிரி படித்தாள். பொன்னேரி காலேஜ் விட்டு வந்ததும் எனக்கும் காட்டுவாள். ஒருத்தி அம்மாவின் மீன்கடையைச் சின்னச் சின்ன வீடியோவாகப் போட்டிருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் தொடரில் ஒரு சின்ன வேடம் கொடுத்தார்கள். அப்புறம் சினிமா. ஒரு படம் முடிந்து அடுத்த படம் வருகிற வரைக்கும் அவள் சும்மா இருப்பதில்லை. சோறு பொங்குவதும் தலை வாருவதும்கூட வீடியோதான். "படம் இல்லாதப்பவும் ஜனங்க கண்ணுலே இருக்கணும் பெரீம்மா. அப்பதான் அடுத்த படத்துக்கு அவங்களே வந்து உக்காருவாங்க" என்றாள் உன் மகள். சினிமாவில் பேர் வாங்கி, வாய்ப்பு நின்றுபோய், சமையலறை வீடியோவால் மறுபடி சினிமாவுக்குள் வந்தவளும் இருக்கிறாளாம். போனில் மட்டும் ஓடுகிற படங்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் கேட்டபடி துணி குறைத்து நடித்து, அதிலிருந்து வெளியே வர முடியாமல் தவிக்கிறவளையும் காட்டினாள். "இவங்களையும் பாத்து வெச்சுக்கணும்" என்றாள். நான் எடுத்துச் சொல்ல நினைத்ததை அவளே சொல்லிவிட்டாள்.

அவளும் நம்ம ஊர் ஏரியை வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். முதல் வீடியோ பழையது, நீ நண்டு கழுவியது. கடைசியில் ரோஸியின் பாஷையில் "சலாமத்" என்று நன்றி சொல்லிக் கையை உதறுவாயே, அதுதான்.

இனிமேல் சொல்லப்போவது என் குற்றம். நான் வாத்தியாரம்மா இல்லையா, சும்மா இருக்க முடியவில்லை. அந்த மீன்கடைக்காரி ஒவ்வொரு வீடியோவிலும் இன்றைக்கு இன்ன கிழமை, இன்ன இடம் என்று சொல்லித்தான் தொடங்குகிறாள். "அதுதான் முறை, நீயும் அப்படியே சொல்லு" என்று யமுனாவுக்குச் சொன்னேன். கட்டுரை நோட்டில் நாளும் இடமும் எழுதாத பிள்ளையை நான் விட்டதில்லை.

போன மாதம் அவள் படகில் போய், "இன்னிக்கு வியாழக்கிழமை, முகத்துவாரத்துக்கு மேற்கே, எங்க நைனா வலை கட்டற இடம்" என்று அழகாகத் தொடங்கினாள். பின்னால் உன் வீட்டுக்காரர் ஆறுமுகம் இறால் வலை கட்டிக்கொண்டிருக்கிறார். அந்த வியாழக்கிழமை அந்த இடம் பக்கத்துக் குப்பத்தின் பாடு, அன்றைக்கு அவர்கள்தான் அங்கே வலை கட்டலாம்.

யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போடும்போது ஆம்பிளைகள்தானே உட்காருகிறார்கள்? அவளுக்கு அந்த முறை தெரியாது. இத்தனை வருஷம் இந்த ஊரில் பாடம் நடத்திய எனக்கும் தெரியாது.

பக்கத்துக் குப்பத்தார் அந்த வீடியோவோடு வந்தார்கள். பஞ்சாயத்து கோயில் முன்னால் கூடியது. இந்தப் பருவம் முழுக்க ஆறுமுகத்துக்குப் பாடு கிடையாது, யமுனா ஏரியில் எடுத்தது ஒன்று விடாமல் அழிக்க வேண்டும் என்று தீர்ப்பு. நான் வேலிக்கு வெளியே நின்று, "யோசனை என்னுடையதுங்க" என்றேன். "டீச்சரம்மா, நீங்க வூட்டுக்குப் போங்க" என்றார் தலைவர். மரியாதையாகத்தான் சொன்னார். வந்துவிட்டேன்.

அவள் வீடியோவைப் பார்த்து சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டது அதற்கு முந்தின வாரம். ஒரு தொடரில் மீனவப் பெண் வேடம், வரும் ஞாயிற்றுக்கிழமை நடித்துக் காட்ட வர வேண்டும். தீர்ப்புக்குப் பிறகுதான் அவள் தன் அப்பாவிடம் கேட்டாள். "ஏரியிலேயே என் மானத்தை வாங்கிட்டே. அங்கே போய் இன்னா பண்ணப் போறே?" என்றார். அன்றையிலிருந்து பேச்சில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. வலையில்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் என்ன சொல்வது?

நேற்று சாயங்காலம் அவர் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"அக்கா, எல்லாத்தையும் அழிச்சுட்டாளா?"

"அழிச்சுட்டா."

"கஸ்தூரி நண்டு கழுவுமே, அதையுமா?"

யமுனா உள்ளேதான் இருந்தாள். "ஒண்ணு விடாமன்னு சொன்னாங்களே நைனா" என்றாள். அதை எடுத்த பழைய போன் ஏரியில் விழுந்து எத்தனையோ நாளாகிறது. அவர் துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் பின்னால் ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் அசையவில்லை.

உன் குரல் எங்களிடம் இருந்தது அவ்வளவுதான் கஸ்தூரி. அந்த மீன்கடைக்காரியை உதாரணம் சொல்லி அதையும் தொலைத்துவிட்டேன். இப்போது யாருக்கு என்ன உதாரணம் சொல்வேன்? நீ இருந்திருந்தால் அவரிடம் என்ன சொல்லியிருப்பாய்?

ஞாயிற்றுக்கிழமை வருவாயா என்று அவளைக் கேட்டேன். "தெரியல பெரீம்மா" என்றாள். வற்புறுத்தவில்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் உனக்குச் சொல்கிறேன். அன்று காலை முதல் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு பொன்னேரி ஸ்டேஷனில் நிற்பேன். அந்த ரயில் போனால் அடுத்ததற்கும் நிற்பேன். அவள் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து போவேன், வழியில் எதையும் சொல்லிக்கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள உன்னிடமிருந்து வாங்கிக்கொண்ட,
உன் அக்கா