துவைக்கக் கூடாத துணி

மேட்டுத்தெரு
6.7.2025

அன்புள்ள ப்ரியாவுக்கு,

முதலில் விடுதி வார்டன் தனபாக்கியம் அம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு வரும் கடிதங்களை நீங்கள்தான் முதலில் பிரித்துப் படிப்பீர்கள் என்று ப்ரியா எழுதியிருந்தாள். இதில் காதல் கத்தரிக்காய் எதுவும் இல்லை, வெறும் சாம்பல்தான். படித்துவிட்டு அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

ப்ரியா, நலம்தானே? நீட் பயிற்சி என்று உன்னை நாமக்கல் பக்கம் கொண்டுபோய்ப் போட்டு, போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். உன் புண்ணியத்தில் நானும் தபால்தலை வாங்கக் கற்றுக்கொண்டேன். விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது. போன வியாழக்கிழமை நாங்கள் சாம்பல் லாரியை மறித்துவிட்டோம்.

அனல்மின் நிலையத்துச் சாம்பலை ஏற்றிய அந்த லாரிகள் எங்கள் தெரு வழியாகக் குள்ளஞ்சாவடிக்குக் குறுக்குவழியில் போவது உனக்குத் தெரியும். மேலே தார்ப்பாய் கட்டுவதில்லை. கட்டி அவிழ்க்கிற நேரத்துக்கு இன்னொரு நடை அடிக்கலாம் என்பது லாரி கான்ட்ராக்டரின் கணக்கு. எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டின்போது லாரிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் அப்படியே தட்டின்மேல் கவிழ்ந்துகொள்கிறார்கள், ப்ரியா. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகப் பழகிவிட்டது. அதைப் பார்த்த அன்றே கல்லூரியில் ஆள் சேர்த்தேன். நம்மோடு பிளஸ் டூ படித்த செங்குட்டுவனும் வந்தான். எல்லோரும் நடு ரோட்டில் உட்கார்ந்தோம். முதலில் வந்து நின்ற லாரியை ஓட்டி வந்தது யார் என்கிறாய்? என் அப்பாவேதான். இறங்கி வந்து, "வெயில்ல உக்காந்துகினு இருக்கியே, தலைக்குத் துணி போட்டுக்க" என்று தன் துண்டை என் தலையில் போட்டுவிட்டு, லாரி நிழலில் போய் நின்றுகொண்டார்.

கான்ட்ராக்டரின் மேனேஜர் வந்து குதித்தார். இதே லாரிகள் மின்நிலைய டவுன்ஷிப்பில் உங்கள் பிளாக்குக்குப் பின்பக்கமாகவும்தான் போகின்றனவாம். அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். எங்கள் தெருவில் பறப்பது எங்கள் வீட்டு அடுப்புச் சாம்பலாம். பெண்ணை அடக்கி வை என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "எம்பொண்ணு பொய் சொல்லாது சார். பொய்னு ஆச்சுன்னா கேட் பாஸைக் குடுத்துட்டு நானே வூட்டுக்குப் போயிடறேன்" என்றார். கேட் பாஸ் இல்லாமல் மின்நிலையத்துக்குள் லாரி ஓட்ட முடியாது, வேலையே போய்விடும். மேனேஜர் அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டார். ஆகஸ்ட் 11 அன்று தாலுகா ஆபீசில் பேச்சுவார்த்தை.

இப்போது நீ உதவ வேண்டும். குறிஞ்சிப்பாடியில் ஒரு தறிக்காரரிடம் வெள்ளைத் துணி வாங்கி இரண்டாகக் கிழித்து வைத்திருக்கிறோம். ஒரு பாதி எங்கள் தெருவில் தொங்கும். மறுபாதி உங்கள் குவார்ட்டர்ஸ் பின்பக்கக் கொடியில் இரண்டு வாரம் தொங்க வேண்டும். இரண்டும் கறுத்தால், டவுன்ஷிப்பில் விறகடுப்பு ஏது என்று கேட்பேன், மேனேஜர் என்ன சொல்கிறார் பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஆன்ட்டியிடம் கேட்டுச் சொல். மழை தூறினால் மட்டும் எடுத்து உள்ளே போடச் சொல்.

இப்படிக்கு,
நடுரோட்டில் உட்கார்ந்த உன் தோழி
எழில்மதி


விடுதி
11.7.2025

என் அருமை எழிலுக்கு,

வயிறு எரிகிறதடி. நீ லாரியை மறிக்கிறாய், நான் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று நெட்டுருப் போடுகிறேன். உன் கடிதத்தை மூன்று பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சக்கரபாணி மாமா துண்டு போட்ட இடத்தில் ஒருத்தி அழுதேவிட்டாள். வார்டன் அம்மா கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே அதிசயம்.

இங்கே சாப்பாடு பரவாயில்லை. ஜன்னல் ஓரம்தான் எனக்குக் கட்டில். பக்கத்தில் கோழித் தீவன மில் இருக்கிறது, அதன் தூள் வந்து புத்தகமெல்லாம் படிகிறது. ஒரே தும்மல். சளிக்குக் கஷாயம் குடி என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

வாரத்துக்கு ஒருமுறை வார்டன் போனில் அம்மாவோடு பேச விடுவார்கள். நேற்று சொல்லிவிட்டேன். எழில் ஒரு துணி காயப்போட வருவாள், மழை வந்தால் எடுத்து வை, இருபத்தாறாம் தேதி வந்து எடுத்துக்கொள்வாள் என்றேன். அம்மா சரி என்றுவிட்டாள். எதற்கென்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா காதுக்குப் போகும். பெர்மனென்ட் வேலையில் இருக்கிறவன் வீட்டுக்கு இந்த வம்பு எதற்கு என்று அவர் தொடங்கினால், உன் துணி காய்வதற்கு முன் என் காது காய்ந்துவிடும்.

ஜெயித்துக் காட்டு. தினமும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
சண்முகப்ரியா


மேட்டுத்தெரு
28.7.2025

ப்ரியா,

சனிக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போய்த் துணியை எடுத்து வந்தேன். ஆன்ட்டி காபி கொடுத்தார். துணியைக் கொடியிலிருந்து நானேதான் எடுத்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. எங்கள் தெருவில் தொங்கிய பாதி அடுப்படிக் கரித்துணி மாதிரி ஆகிவிட்டது.

அதே லாரி, அதே சாம்பல். ஆனால் உங்கள் பக்கம் வரும்போது மட்டும் அடங்கி ஒடுங்கிப் போகிறது போலிருக்கிறது. சாம்பலுக்குக்கூடக் கேட் பாஸ் கேட்கிற இடம் உங்கள் டவுன்ஷிப். சின்ன வயதில் உங்கள் டவுன்ஷிப் பள்ளிக்கு நான் சைக்கிளில் கேட்டைத் தாண்டி வரும்போது என் யூனிபார்மைப் பார்த்து, துவைப்பதே இல்லையா என்று டீச்சர் கேட்பாரே, நினைவிருக்கிறதா? உன் யூனிபார்மைப் பார்த்து யாரும் எதுவும் கேட்டதில்லை. மேனேஜர் சொன்னதுதான் சரி என்று ஊரே சொல்லப்போகிறது.

செங்குட்டுவன் ஒரு யோசனை சொன்னான். அந்த வெள்ளைப் பாதியையும் நாலு நாள் எங்கள் தெருவிலேயே தொங்கவிட்டு எடுத்துப் போகலாமாம், யாருக்குத் தெரியப்போகிறது என்கிறான். எனக்கு அரை நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அப்பா சொன்ன வார்த்தை முன்னால் வந்து நின்றது. முடியாது என்றுவிட்டேன். துணி எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டுபோவேன். அப்பாவின் கேட் பாஸ் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அவர் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

எழில்மதி


விடுதி
3.8.2025, ஞாயிறு

எழில்,

இதை வார்டன் அம்மா இன்றைக்கே ஸ்பீட் போஸ்ட்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அவரே கவர் எடுத்து வந்தார். நிதானமாகப் படி.

இன்று பெற்றோர் பார்க்க வரும் நாள். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சாப்பாட்டுக் கூடையைப் பிரிப்பதற்குள், அந்தத் துணி எப்படியம்மா அவ்வளவு வெள்ளையாக இருந்தது என்று கேட்டேன். அம்மாவுக்கு ஒரே பெருமை. "வெள்ளையாவா இருந்துச்சு? தூறல் போட்டுச்சேன்னு எடுத்துப் பார்த்தா, பிழிஞ்சா கறுப்பா தண்ணி வருது. மூணு தடவை சோப்பு போட்டேன். அடுத்தவங்க துணியை அழுக்கா திருப்பிக் குடுக்கிற பழக்கம் நம்ம வீட்டுல என்னைக்கு இருந்துச்சு?" என்றாள். நீ வருவதற்கு முதல் நாள் சாயங்காலமும் ஒரு அலசு அலசிக் கொடியில் போட்டாளாம்.

தலையில் அடித்துக்கொண்டேன், எழில். இரவல் வாங்கிய பாத்திரத்தைக்கூட விளக்கி, உள்ளே நாலு முறுக்காவது போட்டுத் திருப்பிக் கொடுக்கிற சாத்தூர்க்காரி என் அம்மா. அவள் கண்ணில் அழுக்குத் துணியைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னால் நடக்குமா? எதற்கென்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அப்பாவுக்குப் பயந்து மூடி மறைத்தேன், அது உன் அப்பாவின் வேலையில் வந்து நிற்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன், சாம்பலுக்குக் கேட் பாஸ் என்று நீ எழுதியது உட்பட. அம்மா இரண்டு முறை படித்தாள். கொண்டுவந்த புளிசாதத்தைக்கூடப் பிரிக்காமல் வைத்துவிட்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

எங்கள் பக்கமும் கறுப்புதான், எழில். கறுப்பேதான். நீ பொய் சொல்லவில்லை. போய்ச் சொல்.

உன்
ப்ரியா


மேட்டுத்தெரு
12.8.2025

என் உயிர்த் தோழி ப்ரியாவுக்கு,

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. நேற்று நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆன்ட்டியைப் போய்க் கூப்பிட எனக்கு முகம் இல்லை. அங்கிள் வேலைக்கும் அதனால் ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். தனியாகவே சமாளிக்கலாம் என்று தாலுகா ஆபீசுக்குப் போனேன். இரண்டு பாதியையும் தாசில்தார் மேசையில் விரித்தேன். இந்த வெள்ளைத் துணி துவைத்தது, தெரியாமல் துவைத்துவிட்டார்கள் என்றேன். மேனேஜர் கைகொட்டிச் சிரித்தார். தோற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் சொல்வார்கள் என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, வார்த்தை கொடுத்தாயே என்று கேட்டார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார், ப்ரியா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் வாசலில் சத்தம். உன் அம்மா முன்னால் வருகிறார், பின்னால் உங்கள் பிளாக்கிலிருந்து ஏழெட்டுப் பெண்கள். ஆளுக்கொரு பை. பியூன் தடுத்தான், நகருப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்கள். ஆன்ட்டி பையிலிருந்து அங்கிளின் வெள்ளை வேட்டியை எடுத்து மேசையில் விரித்தார். சாம்பல் நிறம். அடுத்தவர் தலையணை உறை, இன்னொருவர் ஒரு துப்பட்டா, எல்லாம் ஒரே நிறம்.

"அந்தத் துணியைத் துவைச்சது நான் சார். இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. துவைக்காதது இது. போன திங்கக்கிழமையிலேருந்து எங்க பின்பக்கக் கொடியிலயே கிடந்துச்சு. எங்க வீட்டுல விறகடுப்பு கிடையாது" என்றார்.

தாசில்தார் வேட்டியில் ஒரு விரலை வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். அந்த ஆள் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நீங்கள் இதுவரை ஏன் புகார் செய்யவில்லை என்று தாசில்தார் கேட்டதற்கு, நாங்கள் துவைத்துத் துவைத்தே காலத்தை ஓட்டிவிட்டோம் என்றார் ஆன்ட்டி.

பிறகு ஆன்ட்டி செய்ததைத்தான் என்னால் மறக்க முடியாது. மேசைமேல் கிடந்த கேட் பாஸை எடுத்தார். முந்தானையால் துடைத்தார். அப்பாவிடம் நீட்டினார். "பையில வைங்கண்ணே. உங்க பொண்ணு பொய் சொல்லல" என்றார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். அதற்குப் பிறகு நான் அழுதேன், எல்லோர் முன்னாலும், வெட்கமில்லாமல்.

எழுதிக் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. வருகிற வியாழக்கிழமையிலிருந்து தார்ப்பாய் கட்டாத லாரி நகரக் கூடாது. எங்கள் தெருவுக்குள் எந்தச் சாம்பல் லாரியும் வரக் கூடாது, மெயின் ரோடுதான். தார்ப்பாய் வாங்கிக் கொடுப்பது கான்ட்ராக்டர் பொறுப்பு. ஓட்டுநர் யாரையும் இதற்காக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்து எழுத வைத்தோம், அது செங்குட்டுவன் கேட்டது.

வெளியே வந்து பார்த்தால், டீக்கடை ஓரமாக உன் அப்பா ஸ்கூட்டரில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார், யாருக்கும் அடையாளம் தெரியாதாம். ஷிப்டை மாற்றிக்கொண்டு அவர்தான் ஆன்ட்டியைக் கொண்டுவந்து விட்டாராம். என் அப்பா நேரே போய் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிக்கத்தான் அங்கிள் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

ஆன்ட்டி என்னிடம் வந்து, வேட்டியை மடித்து மார்போடு பிடித்துக்கொண்டு, "ஒரு வாரமா என் கண்ணு கூசுது எழில். இனி துவைக்கலாமா?" என்று கேட்டார். துவைக்கலாம் என்றேன். எங்கள் தெருத் துணியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

நான் எழுதிய அந்தக் கோபக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு, ப்ரியா. உங்கள் பக்கம், எங்கள் பக்கம் என்று இனி எழுத மாட்டேன்.

என்றும் உன்
எழில்மதி


விடுதி
18.8.2025

என் தங்கமே எழில்,

கிழிக்க மாட்டேன். கோபம் வந்தபோதும் நீ எனக்குத்தான் எழுதினாய். வேறு யாரிடமும் போய் என்னைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் என் அம்மா பஸ் ஏறினாள். அது என் பெட்டியிலேயே இருக்கும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் படிக்கச் சொன்னார்கள். யார் சொன்னது என்கிறாய்? வார்டன் அம்மாவேதான். கேட் பாஸைத் துடைத்துக் கொடுத்த இடத்தில் மேசையெல்லாம் தட்டினார்கள். அது என் அம்மா என்று எழுந்து நின்று சொன்னேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு முதல் மார்க் வாங்கியபோதுகூட வந்ததில்லை.

இன்னொன்று. நேற்றுக் காலையில் மொட்டை மாடிக் கொடியில் ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. தீவன மில் இருக்கும் பக்கம். யார் போட்டது என்று கேட்டால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் இல்லை. பக்கத்தில் ஓர் அட்டை, "யாரும் துவைக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நம் கடிதங்களையெல்லாம் பிரித்துப் படித்தது வீண்போகவில்லை.

உன்
சண்முகப்ரியா

அன்புள்ள எழில்மதி, உன் தோழியின் கடிதத்தின் அடியில் என் பங்குக்கு ஒரு வரி. உன் கடிதங்களையெல்லாம் திரும்பப் படித்துப் பார்த்துவிட்டேன், ஒரு விஷயத்தை மட்டும் நீ சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? போய்ப் பார்த்து உடனே எழுது. – தனபாக்கியம், வார்டன்