களை என்று நான் எழுதிய கீரை

என் மச்சான் ஷாகுலுக்கு, சலாம்.

முதலில் கொஞ்சம் சிரித்துக்கொள். போன வாரம் பருப்புக்கீரை என்று நினைத்து எதையோ பறித்துக் கூட்டு வைத்துவிட்டேன். காம்பைக் கிள்ளிப் பார், பால் வந்தால் தூக்கி எறி என்று நீ நூறு தடவை சொன்னதுதான். கண்ணாடி போடாமல் பறித்தேன். இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் பாத்ரூமிலேயே குடியிருந்தேன். நல்லவேளை, நான் சமைத்ததை வீட்டில் வேறு யாரும் தொடுவதில்லை.

பறித்தது உன் தோட்டத்தில்தான் மச்சான். ரயிலடிக்குப் பின்னால் நகராட்சி கொடுக்கிற துண்டு நிலங்களில், குழாயை ஒட்டிய உன் மூலைப் பாத்தி இப்போது என் பெயரில் இருக்கிறது. எப்படி வந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நியூ ஜெர்சி மண் வருஷத்தில் பாதி நாள் கல்லாகக் கிடக்கும். நீ மட்டும் ஜனவரியிலேயே காலி பால் கேன்களை அறுத்து, மண் போட்டு, சக்கரவர்த்திக் கீரை விதையைத் தூவி, பனியில் கொண்டுபோய் வரிசையாக வைப்பாய்.

"என்ன மச்சான், பால் பூத் வச்சிருக்கியா?"

"சிரிடா. மே மாசம் பையைத் தூக்கிட்டு முத ஆளா வந்து நிப்பே."

வந்து நின்றேன், வருஷா வருஷம். மற்றவர்கள் பிடுங்கி எறிவதெல்லாம் உன்னிடம் பயிர். வெறுங்கையோடு என்னை நீ ஒரு நாளும் அனுப்பியதில்லை.

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் விருந்தில், எனக்கும் ஒரு பாத்தி கிடைத்தால் தேவலை என்றேன். மூன்று வருஷமாகக் காத்திருந்து, நகராட்சியின் காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயராக வந்திருந்தேன். நீ பிரியாணித் தட்டோடு சொன்னாய்: "உனக்கு எதுக்குடா நிலம்? பொண்டாட்டி விசாவுல தொத்திக்கிட்டு வந்தவன். நீயே ஒரு புல்லுருவி." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

மறுநாள் மகள் நூரியைக் கூப்பிட்டு நகராட்சிக்கு மெயில் அடிக்கச் சொன்னேன். என் இங்கிலீஷ் பாலிடெக்னிக்கோடு நின்றுவிட்டது, உனக்குத் தெரியும். மூலைப் பாத்தி முழுக்கக் களை, கவனிக்க ஆளில்லை, விதை பக்கத்துப் பாத்திகளுக்குப் பரவுகிறது, என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம். பதினாலு வயசுப் பிள்ளை பாதியில் நிறுத்தி, "அத்தா, வீ ஈட் தட்" என்றாள். "டைப் பண்ணும்மா" என்றேன்.

அப்போது உனக்கு நோய் என்று தெரியாது. அல்லாஹ் அறிய, தெரியாது. ஆனால் உனக்கு முதல் நோட்டீஸ் வந்த வாரம் தெரிந்துவிட்டது. கீமோ ஆரம்பித்து, உன்னால் குனியவே முடியவில்லை. இரண்டு வாரத்தில் சுத்தம் செய்யாவிட்டால் பாத்தி போய்விடும் என்று எழுதியிருந்தார்கள். நானும் நூரியும் ஒரு சனிக்கிழமை போயிருந்தால் முடிந்திருக்கும். இது கீரை என்று இன்னொரு மெயில் போட்டிருந்தாலும் முடிந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பாத்தி எனக்கு வந்ததைச் சொல்ல ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"எவனோ வெள்ளைக்காரன் போட்டுக் குடுத்திருக்கான் மச்சான். கீரை எது, களை எதுன்னு அவனுக்கு என்ன தெரியும்? போகட்டும். உன் கைக்குத்தானே வந்திருக்கு."

"ஆமா மச்சான்."

உனக்குத் தெரியுமா? தெரிந்துதான் அவ்வளவு நேரம் கையை விடாமல் பிடித்திருந்தாயா? நீ போய் ஒன்பது மாசமாகிறது, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் பொண்டாட்டி மைமூன் பையோடு தோட்டத்துக்கு வந்தது. இரண்டு பிடி கிள்ளிவிட்டு, மண்ணைப் பார்த்தபடியே, "அவரு இடம் அந்நியன் கைக்குப் போகலைங்கறதே ஆறுதலா இருக்கு அண்ணே" என்றது. நூரி தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் பறிச்சுக்கம்மா" என்றேன். மைமூனின் கார் திரும்பியதும் நூரி சொன்னாள்: "யூ டெல் ஹர், அத்தா. ஆர் ஐ வில்."

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உன் வீட்டுக்குப் போகிறேன். மெயிலை மைமூனிடம் காட்டுவேன். பாத்தியை அது பெயருக்கே மாற்ற எழுதிக்கொடுப்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன், கதவைச் சாத்தினால் வாசலில் நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஒன்றை மட்டும் வாயால் சொல்ல எனக்கு வராது. அன்று உன் கட்டிலருகே நின்றபோதும் சொல்லவில்லை. பாத்தி எனக்குத்தான் என்று மெயில் வந்த நேரம், உனக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மைமூன் போனில் அழுதுகொண்டிருந்தது. நான் "அழாதம்மா, அழாதம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த மெயிலை இன்னொரு தடவை படித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது மச்சான்.

உன் மச்சான்,
காதர்