கால் அறியாத சூடு

ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு வருவதற்குள் ஈஸ்வரி காலண்டர் தாளின் பின்பக்கம் கணவன் ராக்கையாவுக்கு எழுதினாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"கஞ்சி சட்டியில இருக்கு. கட்டு நனையாமக் குளிங்க. மொதல்ல பச்சத்தண்ணி, பெறகுதான் வெந்நீரு. முழங்கைய விட்டுப் பாருங்க. கால விட்டுப் பாக்காதீங்க."

சர்க்கரை நோயில் அவர் பாதம் மரத்துப் போயிருந்தது. சரியாகட்டும் என்று அவள்தான் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை வைக்கச் சொன்னாள். கொதிக்கிற சூடு அவருக்குத் தெரியவே இல்லை. தோல் வழன்று, புண் ஆறாமல், மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"நானேதான் ஊத்திக்கிட்டேன்" என்று டாக்டரிடம் சொன்னார். அதன்பிறகு அவளிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

வாசலில் ஜீப்பின் ஹாரன் சத்தம் கேட்டது. அவசரமாக எழுதினாள்.

"சிலமலையில இருந்து உங்க தங்கச்சி வருது. வெந்நீர ஊத்துனது ஈஸ்வரிதான்னு அதுகிட்ட சொல்லிருங்க."

தாளில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்.

"என்னைய வையுங்க, திட்டுங்க. பேசாம மட்டும் இருக்காதீங்க."

தலைமாட்டில் தாளை வைக்கும்போது அவர் முழித்திருப்பது தெரிந்தது.

"போயிட்டு வர்றேன்" என்றாள்.

அவர் திரும்பவில்லை.