தலைவலி என்று சொன்ன வருஷங்கள்

மார்ச் 5, வியாழன்

காலையிலேயே புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. அம்மா வீட்டில் இரண்டாவது நாள்.

வாங்க வேண்டியது: பிரஷ் இரண்டு. அபிக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் (விட்டுட்டு வந்தாச்சு). நைட்டி ஒன்று. போன் சார்ஜர். மனு எழுத வெள்ளைத்தாள்.

நேற்று நடந்ததை இப்போதே எழுதி வைக்கிறேன். பிறகு ஆளாளுக்கு மாற்றிச் சொல்வார்கள். செவ்வாய் சாயங்காலம் அவன் (இனி இதில் அவன் பேர் கிடையாது) என் தலையைக் கதவு நிலையில் இடித்தான். குழம்பில் புளி போதாதாம். அது ஒன்றும் புதிது இல்லை. புதன் காலை பக்கத்து வீட்டு அக்கா வந்து அம்மை எங்கே என்று அபியிடம் கேட்டாள். "அம்மைக்குத் தலவலி, படுத்திருக்கா." முகத்தில் ஒரு தடுமாற்றம் இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னாள். பத்தாம் கிளாஸ் பிள்ளை. அந்தப் பொய் எனக்குச் சரளமாக வர ஒரு வருஷம் ஆனது. அவளுக்கு என்னைப் பார்த்தே வந்துவிட்டது.

அதுதான் காரணம். வேறு இல்லை. அவன் கடைக்குப் போனதும் ஸ்கூல் பை, நாலு சுடிதார், பஸ்.

கருங்கல் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் மூன்று பேர். தக்கலைக்கா, அம்மா வீட்டுக்கா, என்ன விசேஷம், அவர் வரலியா. இந்த ஊரில் ஒருத்தி ஒரு பையோடு சும்மா பஸ் ஏறிவிட முடியாது. இதற்கு முன்பும் ஸ்டாண்ட் வரை வந்திருக்கிறேன். யாராவது கேட்பார்கள். சாமான் வாங்க வந்தேன் என்று சொல்லி, எதையாவது வாங்கிக்கொண்டு திரும்புவேன். ஒரு தடவை ஒரு சீப்பு மட்டிப்பழம். அது அவனுக்குப் பிடிக்கும். உட்கார்ந்து தின்றான்.

மார்ச் 6, வெள்ளி

சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, அடுத்த வீடு. அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாம் அவர்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"இத்தன வருசத்துல எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

டீயைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்தது. "இவ்வளவு காலம் பொறுத்தாச்சு. பிள்ளைக்குப் பரீட்ச முடியது வர பொறுத்தா என்ன கொறஞ்சா போகும்?"

ஒரே வாய். ஒரே டம்ளர் டீ.

சொல்லவில்லையாம். எழுதுகிறேன்.

புதுப்பெண்ணாக இருந்தபோது மாமியாரிடம் சொன்னேன். பிள்ளை பிறந்தால் சரியாவான் என்றாள். பிறந்தது.

தங்கச்சிக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது இதே சித்தப்பாவிடம் சொன்னேன். கிணற்றடியில் நின்று, அழாமல், தெளிவாக. "அவளுக்கு ஒரு எடம் அமையட்டும் மக்கா. நீ இப்ப இஞ்ச வந்து நிண்ணா அவளைக் கெட்ட எவன் வருவான்?" என்றார். அமைந்தது. அவள் திருவனந்தபுரத்தில் நன்றாக இருக்கிறாள், இருக்கட்டும்.

அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். அப்போது யாரும் தடுக்கவில்லை. நானே என்னைத் தடுத்துக்கொண்டேன். பிறகு அப்பா போனார். வருஷம் திரும்பட்டும் என்று அதற்கும் நானே இருந்துகொண்டேன்.

பொறு பொறு என்று சொன்ன அத்தனை பேருக்கும் இப்போது மறதி. ஏன் பொறுத்தாய் என்று கேட்க மட்டும் நாக்கு நீளுகிறது.

மத்தியானம் மகளிர் ஸ்டேஷன். மனு கொடுத்தாச்சு. எஸ்.ஐ. என்னைவிட இளையவள். அவளும் அதையேதான் கேட்டாள், ஆனால் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "அவங்க ஆளுங்க இதத்தான் கேப்பாங்கக்கா, அதுக்குத்தான் நானும் கேக்கேன்." ஏற்கெனவே தெரிந்தவர்கள் வீட்டில் யாராவது உண்டா, வந்து சொல்வார்களா என்றாள். ஒருத்தராவது சொன்னால் மனு நிற்குமாம். இல்லாவிட்டால் வீட்டுச் சண்டை என்று சொல்லி மழுப்பிவிடுவார்கள்.

வந்து சொல்ல யாரும் இல்லை என்றேன்.

புதன்கிழமை இரண்டு பக்கமும் வரவேண்டும். அதுவரை போலீஸ் எல்லாம் மண்டைக்காடு பகவதி கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து.

மார்ச் 7, சனி

மெடிக்கல் ஷாப் முதலாளி போன். திங்கள் வருவியா இல்லையா. வரவில்லை என்றேன். அங்கே நின்று ஊருக்கெல்லாம் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் நான்.

அம்மா பச்சரிசியை மில்லில் கொடுத்து மாவு திரித்து வந்தாள். சிறுபயறு வறுக்கிற வாசனை. எதற்கு என்று கேட்கவே வேண்டாம். கொடைக்குக் கொடை அம்மா பகவதிக்கு மண்டையப்பம் வைப்பாள். மாவும் பயறும் கருப்பட்டியும் பிசைந்து, தலைபோல உருட்டி, அவித்து, தலைவலி தீர நேர்ந்துகொண்டு வைக்கிற அப்பம். என் தலைவலி தீர.

புதன்கிழமையே எல்லாம் சொல்லியாச்சு. மண்டையில் வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகும் பயறு வறுக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பை அணைத்தேன்.

"எனக்குத் தலவலி கெடையாதும்மா. எத்தன தடவ சொல்லணும்? அவன் இடிச்சது."

"எனக்குத் தெரியும்ட்டி," என்றாள்.

வறுத்த பயறைத் தட்டில் கொட்டிப் பரப்பினாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அப்பா ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் நெற்றியைப் பார்த்துத் தெரிந்ததாம். அப்படியென்றால் நாலு வருஷம். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"நீ தலவலின்னு சொன்னே. நான் தலவலிக்கு வச்சேன். வேற யாருட்டப் போய்ச் சொல்லுவேன்?"

பயறை எடுத்து முற்றத்தில் வீசவேண்டும் போல இருந்தது. வீசவில்லை. அபி அறைக்குள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை வந்து இதைச் சொல் என்றேன். "நான் ஸ்டேசன் படி ஏறினவ இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்பை மறுபடி மூட்டினாள்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் சித்தப்பாவின் வாட்ஸ்அப். ரோஜாப்பூ. மகளிர் தின வாழ்த்துகள். பத்து மணிக்கு ஆளே வந்துவிட்டார், அவனையும் கூட்டிக்கொண்டு. மனுவைத் திரும்ப வாங்கவேண்டுமாம், புதனுக்கு முன்னாலேயே.

வெள்ளைச் சட்டை. நெற்றியில் திருநீறு. வந்ததும் அப்பா படத்தைக் கும்பிட்டான். கருங்கல்லில் எந்த எழவு வீட்டிலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுகிறவன். அவன் ஹார்டுவேர் கடையில் கடன் சொன்னால் முகம் சுளிக்க மாட்டான். அந்த மனுஷனா என்பார்கள். அந்த மனுஷன்தான்.

குரலை உயர்த்தவே இல்லை. "அவளுக்குத் தலவலி பண்டே உண்டு மாமா. மயங்கி விழுவா. கொடைக்குக் கொடை மாமி மண்டையப்பம் வைக்கதே அதுக்குத்தானே. வேணும்னா மாமிட்டயே கேளுங்க."

சித்தப்பா உள்ளே பார்த்தார். அம்மா டீ கொண்டு வந்தாள். அவனுக்குச் சர்க்கரை குறைவு, அது அவளுக்கு நினைவிருக்கிறது. தட்டை நீட்டினாள், டம்ளர்களை எண்ணினாள், உள்ளே போனாள்.



மனுவைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து அபி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே சித்தப்பா: "கோவத்துல இருக்கா. ரெண்டு நாள்ல தணியும்." தணியாது, சித்தப்பா. இது இப்போதுதான் மூண்டிருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

அபிக்குக் கணக்கு மாடல் பேப்பர். இரண்டு கணக்கு நான் சொல்லிக்கொடுத்தேன், ஒன்று தப்பு.

அவனிடமிருந்து மெசேஜ்: சாப்பிட்டியா. கூடவே ஒரு இதயம். இதுவும் வழக்கம். அடித்த பிறகு பதினைந்து நாள் தங்கமாக இருப்பான். சிப்ஸ் வாங்கி வருவான், முட்டம் கடற்கரைக்குக் கூட்டிப் போவான். அந்தப் பதினைந்து நாளை நம்பித்தான் அடுத்த தடவை வரைக்கும் ஓடும்.

ஏன் சொல்லவில்லை. யாருக்காகவும் இல்லை, எனக்காக ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன். சொல்லிவிட்டால் அடுத்து ஏதாவது செய்தாகவேண்டும். சொல்லாதவரை அது வெறும் தலைவலி. பிறகு வெட்கம், அடித்தவனுக்கு வரவேண்டியது எனக்கு வந்தது. பிறகு பயம். பிறகு, கேட்டவர்கள் எல்லோரும் தங்களுக்கு வேண்டிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்கள். சுகமா இருக்கியா மக்கா? சுகம். வேறு என்ன சொல்ல விடுவார்கள்.

நம்பரை பிளாக் பண்ணினேன்.

மார்ச் 10, செவ்வாய்

கொடை. ஊரே லீவு. அம்மா விடியுமுன் அப்பத்தை அவித்து, வாழையிலையில் கட்டி, ஸ்பெஷல் பஸ்ஸில் போனாள். கூப்பிட்டாள், நான் போகவில்லை. அபியையும் அனுப்பவில்லை.

துணி துவைத்தேன். மத்தியானம் தயிர்ச்சாதம். சாயங்காலம் அம்மா வியர்த்து வந்தாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்கப் போனேன்.

மார்ச் 11, புதன்

வெயில் கொளுத்துகிறது. இப்போதுதான் திரும்பி வந்தோம்.

அம்மாவை நான் கூப்பிடவில்லை. செருப்பு மாட்டும்போது அவளும் வெளியே வந்து வீட்டைப் பூட்டினாள். நல்ல புடவை. சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

ஸ்டேஷனில் அவன், சித்தப்பா, அவன் கூட்டி வந்த வக்கீல் ஒருத்தர். அவன் அதே பாட்டு: தலைவலி, மயக்கம், மாமிக்குத் தெரியும். எஸ்.ஐ. அம்மாவைப் பார்த்து, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். அம்மா ஏதோ சொன்னாள், எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னாள் எஸ்.ஐ.

"அவளுக்குத் தலவலி ஒண்ணும் கெடையாது. இவன் அடிக்கது. எனக்குத் தெரியும்."

சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் தலை குனிந்தது. முதல் தடவையாகப் பார்க்கிறேன். எப்போதிலிருந்து தெரியும் என்று எஸ்.ஐ. கேட்டாள்.

"கெட்டிக் குடுத்த முத வருசம். ஆடிக்கு வந்தப்ப தல சீவி விட்டேன். பின்னால சீப்பு பட்டதும் அலறிட்டா. முடிய வெலக்கிப் பாத்தேன்."

எழுதிக்கொண்டார்கள். வழக்கு பதிவாகும், இனி மழுப்ப முடியாது என்று எஸ்.ஐ. சொன்னாள். அம்மா கையெழுத்துப் போட்டாள், நானும் போட்டேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

முதல் வருஷம். நாலு வருஷம் இல்லை, பதினாறு வருஷம். அபி வயிற்றில்கூட இல்லை அப்போது. அந்த ஆடி எனக்கு நினைவிருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். அம்மா சரி என்று சொல்லி, சடை பின்னி, பிச்சிப்பூ வைத்து, ஆடி முடிந்ததும் பஸ் ஏற்றிவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அம்மா முதலில் ஏறி, பக்கத்தில் எனக்கு இடம் பிடித்துத் துண்டு போட்டு வைத்திருந்தாள். கூப்பிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன்.