சட்டியில் உறைந்த கொழுப்பு

மச்சான்,

நீ கண்மூடிய எட்டாம் நாள் படையலுக்கு, உன் எட்டுச் செலவுக்கு, எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன கறிச்சட்டி இன்று காலைதான் திரும்பி வந்தது. உன் மனைவி தேய்த்துக் கழுவித்தான் அனுப்பியிருக்கிறார். ஆனாலும் விளிம்புக்குக் கீழே விரலை வைத்தால் மெழுகுபோல வெள்ளையாக ஒட்டுகிறது. அது நான் வளர்த்த கொழுப்பு. வெட்கமாக இருக்கிறதடா.

உன் மனைவிக்கு நெஞ்சுவருத்தம் வந்து, ஆட்டிறைச்சியை மறந்துவிடுங்கள் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் நீ கோப்பாய் வளவுக்குள் முயல்கூடு அடித்தாய். மருதனார்மடம் சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய், கரட் இலையும் பயற்றங்கொடியும் சாக்கில் அடைத்துக்கொண்டு வருவாய். நாலைந்து முயலுக்கு ஒரு சந்தையே வேண்டுமா என்று சிரிப்பேன்.

"மாடு எண்டா திண்டதை வயித்துக்கை மாத்திப் போடும். முயல் அப்பிடி இல்லை மச்சான். தீனிலை இருக்கிற எண்ணெய்தான் அப்பிடியே கொழுப்பா ஏறும். இலை திண்டா நெஞ்சுக்கு நல்லது. தேங்காய்ப் புண்ணாக்குப் போட்டா வெள்ளைக் கட்டிதான்," என்பாய்.

முயலிறைச்சியில் கொழுப்பே கொஞ்சம். அதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? உனக்குப் 'புரொபெசர்' என்று பட்டம் வைத்ததோடு என் படிப்பு முடிந்தது.

நீ படுத்ததும் முயல்கள் என் பொறுப்பாகின. கொஞ்ச நாள் கொடி வெட்டினேன். பிறகு உடம்பு வளையாமல் பஞ்சி பிடித்துவிட்டது. தேங்காய்ப் புண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு குழைத்து வைத்தேன். முயல்கள் மளமளவென்று உருண்டு திரண்டன. எல்லாம் என் கைராசி என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே நின்று, "நல்லாக் கொழுத்திட்டுது மச்சான்," என்று பெருமையும் அடித்தேன்.

நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அவவுக்குத்தான் மச்சான் அது," என்றாய். நான் தலையாட்டிவிட்டு வேறு கதைக்குப் போனேன்.

எட்டாம் நாள், நீ விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். உன் கூட்டில் வளர்ந்த முயல்தான் கறி. அன்று மழைக்குளிர். படைத்துக் கும்பிட்டு முடிவதற்குள் இலையில் குழம்பைச் சுற்றி வெள்ளையாக உறைந்துவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். உன் மனைவி தன் பங்கில் கொழுப்பை விரலால் ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்.

"கொடி வெட்ட உங்களுக்கு எங்கை அண்ணை நேரம்," என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது சந்தை கலைகிற நேரம் நானும் போகிறேன். என் சைக்கிள் கரியலில் இருப்பது உன் சாக்குத்தான். முன்படலையால் வர முகமில்லை. பின்வேலியில் ஓலையை விலக்கி ஒரு பொட்டு வைத்து, அதற்குள்ளால் குனிந்து நுழைந்து கூட்டடிக்கு வருகிறேன். சற்று முன் கிணற்றடியில் நின்ற உன் மனைவி கண்டுவிட்டார்.

"முயலெல்லாம் எப்பிடி அண்ணை?"

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாக்கை அவிழ்த்தபடியே சொன்னேன்:

"மெலியுது, தங்கச்சி."